பாதி பிடித்த சூப்பர் ஹீரோ படத்தைப் பற்றிச் சொல்வது எப்படி

சித்தி என்னோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தார். அதிலிருந்துதான் இது தொடங்கியது.

2022 நவம்பர். இலங்கையில் தட்டுப்பாட்டால் பெட்ரோலுக்குக் கியூஆர் கோட், கிழமைக்கு இவ்வளவுதான் கோட்டா என்று கணக்குப் பார்த்து வண்டி எடுத்த காலம். மார்வெல் கம்பெனியின் 'பிளாக் பாந்தர்' படத்துக்கு இரண்டாம் பாகம், 'பிளாக் பாந்தர்: வகாண்டா ஃபாரெவர்' வந்திருந்தது, நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி "படம் எப்படித் தம்பி?" என்று கேட்க, "பரவாயில்லை" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அந்த ஒரு சொல்லை நம்பி, கையில் இருந்த கோட்டாவையும் எரித்துக்கொண்டு, தெஹிவளையில் இருந்து மூன்று பிள்ளைகளோடு சித்தியும் சித்தப்பாவும் போயிருக்கிறார்கள். அடுத்த நாள் காலையில் குரல் பதிவு வந்தது. "நீ பரவாயில்லை எண்டு சொன்னபடியாத்தான் போனனாங்கள். சின்னவன் பாதியிலயே நித்திரை. எனக்கெண்டா அழுகை அழுகையா வந்தது. இதை முதலே சொல்லக்கூடாதா?"

சித்தி கேட்டது நியாயம். அந்தப் படத்தில் இரண்டு இடத்தில் எனக்கும் கண் கலங்கியது, மூன்று இடத்தில் போனை எடுத்து நேரம் பார்த்தேன். கண்ணீரையும் கொட்டாவியையும் கூட்டி இரண்டால் வகுத்து "பரவாயில்லை" என்று விடை எழுதிவிட்டேன். பாலும் நல்லது, தேசிக்காய் ஊறுகாயும் நல்லது, இரண்டையும் ஒரே கோப்பையில் கலந்து நீட்டினால் யார் குடிப்பது? அதற்குப் பிறகு, முக்கியமாக இந்த இரண்டாம் பாகப் படங்களுக்கு, ஒரு முறை வைத்திருக்கிறேன். சித்தியைச் சமாதானப்படுத்த என்றில்லை, எனக்கே என் மேல் சந்தேகம் வந்து அடுத்த கிழமை அதே படத்துக்குத் திரும்பப் போய்த்தான் இந்த முறையைப் பிடித்தேன், அதனால் உதாரணமும் அந்தப் படமேதான். கதை முழுக்க வெளியே வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசியுங்கள்.

போவதற்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதல் பாகத்தை ஒருக்காப் பாருங்கள், போதும். எல்லாப் படத்தையும் வரிசையாகப் பார்த்தால்தான் விளங்கும் என்று சொல்கிற மச்சான் ஒருவன் எல்லாக் குடும்பத்திலும் இருப்பான், அவனுக்குத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள், ஏனென்றால் எந்த இடம் உங்களுக்கு விளங்கவில்லை என்பதே பிறகு தேவைப்படும் ஒரு தகவல். அப்புறம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பகிடி இல்லை. படம் 161 நிமிடம், முதல் பாகத்தைவிடக் கிட்டத்தட்ட அரை மணித்தியாலம் கூட. அதோடு விளம்பரம், இடைவேளை. ஆறரைக் காட்சிக்குப் போனால் வீடு வந்து சேரப் பத்து மணி ஆகிவிடும், வயிறு காய்ந்தபின் எந்தப் படமும் நீளமாகத்தான் தெரியும், அந்தக் கோபத்தை டைரக்டர் தலையில் கட்டுவது சரியில்லை.

உள்ளே போனபின் டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருங்கள். டிக்கெட் போனில் வந்திருந்தால் பொப்கோர்ன் வாங்கிய துண்டு போதும். உங்களை அறியாமல் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தால், அல்லது பொப்கோர்ன் எடுக்கிற கை பாதியில் நின்றால், டிக்கெட்டின் வலப்பக்க ஓரத்தில் நகத்தால் ஒரு சின்னக் கிழிசல். போனைத் தேடினால், பக்கத்துச் சீட்டுக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்தால், இடப்பக்கத்தில் ஒன்று. இருட்டில் எழுத முடியாது, போனைத் திறந்து குறிப்பு எடுத்தால் பின்னால் இருக்கிறவர் திட்டுவார், அதனால்தான் இந்தக் கிழிக்கிற வேலை. எந்தக் காட்சிக்குக் கிழித்தேன் என்பது மறந்துபோகும் என்று பயப்பட வேண்டாம், வீட்டுக்கு வந்து டிக்கெட்டைப் பார்த்தால் தானாக ஞாபகம் வரும். என்னுடையதில் வலப்பக்கம் ஐந்து, இடப்பக்கம் ஏழு. அதை வைத்து ஐந்துக்கு ஏழு, படம் தோல்வி என்று சொல்லிவிடாதீர்கள். எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை, அந்த ஐந்தும் எங்கே விழுந்தன, ஏழும் எங்கே விழுந்தன என்பதில்தான் விஷயம்.

இடைவேளை எங்கள் தியேட்டர்களின் கொடை. ஹொலிவுட்காரன் இடைவேளையை நினைத்துப் படம் எடுப்பதில்லை, இங்கே யாரோ ஒருவர் நடுவில் ஒரு இடம் பார்த்து வெட்டுகிறார். நான் முதல் முறை போன தியேட்டரில், கடலுக்கு அடியில், கடல் ராஜாவான வில்லனின் நகரத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, வசனத்தின் நடுவில், படக்கென்று லைட்டைப் போட்டுவிட்டார்கள். எரிச்சல்தான். ஆனால் பாத்ரூம் கியூவில் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில் உங்களுக்குள்ளேயே ஒரு வசனம் சொல்லிப் பாருங்கள்: இப்போதே எழுந்து போகச் சொன்னால் எதைத் தெரிந்துகொள்ளாமல் போவது கஷ்டமாக இருக்கும்? என்னுடைய பதில், "அந்தத் தாய்க்கு என்ன ஆகிறது?" மகனை இழந்த ராணியைத்தான் சொல்கிறேன். சண்டை யாருக்கு வெற்றி, அந்தக் கடல் ராஜா என்ன செய்வான், ஒன்றும் மனதில் வரவில்லை. அந்தப் பதில் வெளியே வந்தபின் எனக்கு ரொம்ப உதவியது.

படம் முடிந்த உடனே யாரோடும் கதைக்காதீர்கள். வாசலிலேயே "எப்படி மச்சான்?" என்று கேட்பார்கள், கொழும்பில் இதற்கு இரண்டு பதில்தான் புழக்கத்தில் இருக்கிறது, ஒன்று "எலகிரி", அதாவது பிரமாதம், இல்லாவிட்டால் "வேஸ்ட்". இரண்டில் ஒன்றை வாயால் சொல்லிவிட்டால் பிறகு அதைக் காப்பாற்றத்தான் மூளை வேலை செய்யும். நான் பம்பலப்பிட்டியில் இருந்து மரைன் டிரைவ் வழியாக வெள்ளவத்தைக்கு நடந்தே வந்தேன். ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல், கையில் அந்தக் கிழிந்த டிக்கெட். நடக்க முடியாதவர்கள் காலி வீதியில் 100 பஸ்ஸைப் பிடித்து ஜன்னலோரம் இருங்கள், அதுவும் சரிதான்.

இனிப் பிரிக்கிற வேலை. குறைகளை முதலில் மூன்று குவியலாகப் போடுங்கள்: படத்தினுடைய குறை, தியேட்டரினுடைய குறை, என்னுடைய குறை. கடலடி நகரம் ஒரே இருட்டாக இருந்தது என்பது முதல் முறையிலேயே எனக்கு இருந்த குறை. முதல் முறை பார்த்தது முப்பரிமாணத்தில், அந்தக் கண்ணாடியே திரையின் வெளிச்சத்தில் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும். இரண்டாம் முறை கண்ணாடி இல்லாமல் பார்த்தபோது கொஞ்சம் தெளிந்தது, ஆனால் முழுக்க இல்லை. ஆகவே பாதிப் பழி தியேட்டருக்கு, பாதி படத்துக்கு. பின்வரிசையில் ஒரு பிள்ளை, அந்தக் கடல் ராஜா நமோரின் கணுக்காலில் குட்டிச் சிறகு அடிப்பதைப் பார்த்து "அம்மா, கோழிக்கால்" என்று கத்தியதில் எனக்கு அதற்குப் பிறகு அவனைப் பார்த்துப் பயப்படவே முடியவில்லை. அது படத்தின் குறை இல்லை, என்னுடையது.

படத்தின் குவியலில் மிஞ்சுவதைத்தான் பிறகு உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டாம் பாகங்களுக்கென்று ஒரு தனிக் கேள்வி இருக்கிறது, இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: இந்தக் காட்சி யாருடைய வேலையைச் செய்கிறது, இந்தப் படத்தினுடையதா, இனி வரப்போகிற இன்னொரு படத்தினுடையதா?

இந்தப் படத்தின் சொந்த வேலை என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. முதல் பாகத்தின் நாயகன் சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்துபோனார், வயது 43. இயக்குநர் ரையன் கூக்ளர் அந்தப் பாத்திரத்துக்கு வேறு நடிகரைப் போடாமல் பாத்திரத்தையும் சாகவிட்டார். படம் தொடங்கும்போதே அண்ணன் சாகிறான், அதுவும் திரையில் இல்லை, தங்கை ஷூரி ஆய்வுகூடத்தில் மருந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது தாய் வந்து சொல்கிறார். அப்புறம் மார்வெலின் பெயர் வருகிற இடத்தில் வழக்கமான இசை இல்லை, போஸ்மனின் படங்கள் மட்டும் சத்தமில்லாமல் ஓடுகின்றன. நான் இரண்டு முறை பார்த்தேன், இரண்டு முறையும் தியேட்டரில் பொப்கோர்ன் சத்தம்கூட நின்றுபோனது.

பிறகு ஊர்வலம், எல்லோரும் வெள்ளை உடுப்பு. மேலைநாட்டுப் படங்களில் சாவென்றால் கறுப்பையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, இது ஏதோ எங்கள் ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டியது போல இருக்கும். ஆடை வடிவமைத்த ரூத் கார்ட்டர் முதல் பாகத்துக்கும் இதற்கும் இரண்டு ஒஸ்கார் வாங்கியவர், அந்தக் காட்சி ஒன்றுக்கே கொடுக்கலாம். ஒரு வருடம் கழிந்தபின் தாய் மகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், துக்க உடுப்பை எரித்துவிட்டால் துக்கம் முடிந்தது என்கிறார். மகள் மறுக்கிறாள். ஆட்டைத்திவசம் முடிந்ததென்பதற்காக அழுகையும் முடிந்துவிடுமா என்று கேட்கிற முகம். கடைசியில் அவளே தனியாகக் கடற்கரையில் இருந்து அந்த உடுப்பை எரிக்கிறாள். இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் இருப்பதுதான் படம். தாயாக நடித்த ஏஞ்சலா பாசெட், மகளைக் காப்பாற்றாமல் வந்த தளபதியைப் பதவியில் இருந்து நீக்குகிற இடத்தில், என் குடும்பமே போய்விட்டதே, நான் கொடுக்காதது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கத்துவாரே, அங்கே என் டிக்கெட் கொஞ்சம் ஆழமாகவே கிழிந்துவிட்டது. மார்வெல் ஸ்டூடியோஸ் படமொன்றில் நடித்ததற்காக ஒஸ்கார் பரிந்துரை பெற்ற முதல் ஆள் அவர்தான். என் வலப்பக்கக் கிழிசல் ஐந்தில் நான்கு இந்தச் செத்தவீட்டுக்கு உள்ளே விழுந்தவை.

இப்போது இடப்பக்கம். அந்தச் செத்தவீட்டுக்குள் ஒரு கலியாணத் தரகர் வந்து, அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் அடுத்த வீட்டுப் பெடியனின் சாதகத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ரீரி வில்லியம்ஸ் என்ற மாணவி வருகிறாள். நடித்த பிள்ளையில் குறை இல்லை, துடுக்காக நன்றாகவே செய்திருக்கிறாள். ஆனால் அவளுக்கென்று ஒரு கார்த் துரத்தல், ஒரு இரும்புக் கவசம், பிறகு இன்னொரு கவசம், எல்லாம் அவளை வைத்தே 2025இல் வந்த 'அயர்ன்ஹார்ட்' தொடருக்குப் போட்ட முற்பணம். அதைவிட மோசம் அந்த அமெரிக்க சிஐஏ அதிகாரியும் அவருடைய முன்னாள் மனைவியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. பின்னர் வீட்டில் பார்க்கும்போது, சந்தேகப்படுகிற பகுதியைப் பார்க்காமல் முழுக்கத் தாண்டி ஓட்டிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். நான் அந்த அதிகாரி வருகிற காட்சிகளை எல்லாம் ஓட்டிவிட்டேன். மாணவி எங்கே இருக்கிறாள் என்ற ஒரு தகவலைத் தவிர கதையில் எதுவும் விடுபடவில்லை. அதே மாதிரி தாய் வருகிற ஒரு காட்சியை ஓட்டிப் பார்த்தேன், அடுத்த காட்சியில் எல்லோரும் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்றே விளங்கவில்லை.

இந்தச் சோதனையைப் பழைய படங்களில் பழகிக்கொள்ளலாம், காலம் போனபின் தெளிவாகத் தெரியும். 2010இல் வந்த 'அயர்ன் மேன் 2' நல்ல பயிற்சி. இன்னும் நல்லது 2014இன் 'தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2', அது வரப்போகிற படங்களுக்காக எத்தனையோ கதவைத் திறந்து வைத்தது, ஆனால் அந்த வரிசையில் மூன்றாம் பாகம் வரவேயில்லை. வராத விருந்தாளிக்குப் போட்ட வாழையிலைகள் இன்றைக்கும் படம் முழுக்கக் காய்ந்து கிடக்கின்றன.

வில்லனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் சொல்வது எதுவரை சரி என்று பாருங்கள். நமோர் சொல்கிற கதை, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்த அம்மைக்கும் அடிமைத்தனத்துக்கும் தப்பிக் கடலுக்குள் போன மாயா மக்களின் கதை, அதைக் கேட்கும்போது நான் அவன் பக்கம்தான் இருந்தேன். என் ஐந்தாவது வலப்பக்கக் கிழிசல் அது. அப்படிப்பட்டவன் பிறகு நாயகனின் நாடான வகாண்டாவையே வெள்ளத்தில் மூழ்கடிக்கிறான். கோபம் நியாயமானது, ஆனால் அங்கிருந்து இங்கே வருவதற்குப் படம் போதிய நேரம் கொடுக்கவில்லை, அந்த நேரத்தைத் தரகர் எடுத்துக்கொண்டார். கடைசிக் கப்பல் சண்டையில் நீலக் கவசம் போட்டுப் பறந்தவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, பொம்மைக் கடையில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே சிலர் சங்கடப்படுவார்கள். செத்தவனுக்காக எடுத்த படத்தைக் குறை சொல்லலாமா என்று என் அலுவலக நண்பர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். செத்தவீட்டில் போய்ச் சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்ல மாட்டோம்தான். ஆனால் தரகரை வெளியே போகச் சொல்வது குடும்பத்துக்குச் செய்கிற உதவி. அழ வைத்த காட்சிக்கு அழுதேன் என்றும், நேரம் பார்க்க வைத்த காட்சிக்கு நேரம் பார்த்தேன் என்றும் சொல்வதில் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

பிரித்தாயிற்று, இனிச் சொல்ல வேண்டும். தமிழில் இதற்கு ஒரு வில்லங்கமான வசதி இருக்கிறது. "நல்லா இருக்கு" என்றால் நல்லா இருக்கு. "நல்லாத்தான் இருக்கு" என்றால் ஏதோ பிழை, என்னவென்று கேள் என்று அர்த்தம். அந்த "தான்" போட்டுவிட்டால் கேட்கிறவர் கட்டாயம் "பின்னே?" என்பார், அந்தப் "பின்னே?"க்குக் கையில் பதில் இல்லாவிட்டால் "தான்" போடாதீர்கள். "ஆனால்" இன்னும் கவனம். கேட்கிறவர் காதில் தங்குவது "ஆனால்" என்பதற்குப் பின்னால் வருவதுதான். "தாய் நடிப்பு உச்சம், ஆனால் படம் நீளம்" என்றால் வீட்டில் ஒருவரும் போக மாட்டார்கள். "படம் நீளம், ஆனால் தாய் நடிப்பு உச்சம்" என்றால் மாமி இன்றைக்கே புறப்படுவார். இரண்டும் ஒரே உண்மைதான். எது உங்கள் மனதில் கடைசியாக நிற்கிறதோ அதைக் கடைசியில் வையுங்கள், மற்றவரை அனுப்புவதற்கோ நிறுத்துவதற்கோ மாற்றி வைக்காதீர்கள்.

முதல் பாகத்தோடு ஒப்பிடுவதை மூன்றாவது வசனம்வரை தள்ளிப்போடுங்கள். "ஃபர்ஸ்ட் பார்ட் மாதிரி இல்லை" என்று தொடங்கினால் அங்கேயே கதை முடிந்துவிடும், இல்லைதான், அந்த நாயகனே இல்லையே.

அப்புறம் யார் கேட்கிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள். அபிப்பிராயத்தை மாற்றச் சொல்லவில்லை, முன்னுக்கு எதை எடுத்து வைப்பது என்பதைத்தான் சொல்கிறேன். சண்டைக்காகப் போகிற மச்சானுக்கு: "முதல் ஒரு மணித்தியாலம் பொறு, சண்டையும் முதல் பாகம் அளவுக்கு இல்லை." அண்மையில் வீட்டில் ஒரு சாவு நடந்தவர்களுக்கு: "முதல் பத்து நிமிடமே செத்தவீடு, யோசித்துப் போங்கள்." இதை நான் சொல்லாமல் விட்டதுதான் சித்தி விஷயத்தில் பெரிய பிழை, அம்மப்பா போய் அப்போது எட்டு மாதம்கூட ஆகவில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நீளத்தையும் இருட்டையும் முதலில் சொல்லுங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: பெயர்கள் ஓடத் தொடங்கியபின் ஒரு காட்சி இருக்கிறது, கட்டாயம் இருங்கள், அதற்குப் பிறகு காட்சி ஒன்றும் இல்லை, ஓட்டோவைக் கூப்பிடலாம்.

இரண்டாம் முறை பார்த்துவிட்டு வந்த இரவு, பிந்தினாலும் பரவாயில்லை என்று சித்திக்குத் தனியாக எழுதினேன். "சித்தி, படம் நீளம். நடுவில அமெரிக்காக்காரர் வாற பகுதி தேவையில்லாதது. சின்னப் பிள்ளையளுக்குச் சரிவராது. தொடக்கமே சாவு. ஆனால் அந்தத் தாய்க்காகவும், கடைசியில மகள் கடற்கரையில தனிய இருக்கிற இடத்துக்காகவும் நான் ரெண்டாம் தரம் போனனான்."

இரண்டு நீலக் கோடு விழுந்து கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது: "இதை அண்டைக்கே சொல்லியிருந்தா பிள்ளையளை அம்மம்மாட்ட விட்டுட்டு நானும் சித்தப்பாவும் மட்டும் போயிருப்பம்."